உதவி செய்யும் நிறுவனம் என்றால் சம்பளத்தைக் குறைக்கலாமா?

வாசகர் கடிதம் – சட்ட ஆலோசனை

ஸ்காபரோவிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வடமாகாணத்திலிருந்து கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் கனடா வந்தவர். அகதிக் கோரிக்கை கடந்த வருடம் ஏற்கப்பட்டது. நிரந்தர வதிவிடத்துக்கு (பி.ஆர்.) விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். கணவர் ஏஜென்சி மூலம் ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை செய்கிறார். மகனுக்கு 15 வயது, மகளுக்கு 7.

கடந்த நவம்பர் நடுப்பகுதியில் இவர் ஒரு சமையலறையில் சேர்ந்தார். புதிதாக வந்த குடும்பங்களின் பெண்களுக்குத் தொழில், பிள்ளைகளுக்குப் படிப்பு என்ற நோக்கோடு நடக்கும் சோஷல் என்டர்பிரைஸ், அதாவது சமூக நோக்கத்துக்காக வியாபாரம் செய்யும் நிறுவனம் அது. அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு, பிறந்தநாள், கல்யாண ஓடர்கள் எல்லாம் செய்கிறார்கள். முதல் ஆறு வாரம் நாளுக்கு நாலு மணித்தியாலம், கிழமைக்கு ஐந்து நாள் பயிற்சி. சம்பளம் இல்லை. ஆனால் இரண்டாம் கிழமையிலிருந்தே இவர்கள் சுற்றிய ரோல்ஸும் பற்றிஸும் ஓடர்களுக்குப் போயிருக்கின்றன. ஜனவரியிலிருந்து கிழமைக்கு 35 மணித்தியால வேலை, 300 டொலர் காசோலை. அதற்குப் பெயர் ‘பயிற்சி உதவித்தொகை’. பே ஸ்டப் என்ற சம்பள விவரச் சீட்டு கிடையாது. ‘நான் தொழிலாளி அல்ல, திட்டப் பங்கேற்பாளர்’ என்று ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். அதே நிறுவனம் பின்னேரங்களில் நடத்தும் இலவச வீட்டுப்பாட வகுப்புக்கு மகள் போகிறாள். ஆசிரியர்கள் நல்லவர்கள், மகள் இப்போது ஆங்கிலத்தில் வாசிக்கிறாள்.

மார்ச்சில் கொதி எண்ணெய் பட்டு இவருடைய முன்கை வெந்துவிட்டது. ஒருங்கிணைப்பாளரே தன் காரில் கிளினிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். போகிற வழியில், “வீட்டில நடந்தது எண்டு சொல்லுங்கோ, இல்லாட்டி ப்ரோகிராமை மூடிப்போடுவினம்” என்றாராம். இவரும் அப்படியே சொல்லிவிட்டார். இன்னும் கையை முழுதாக மடக்கினால் தோல் இழுக்கிறது.

கணவர், “விட்டுவிட்டு என்னோடு களஞ்சியத்துக்கு வா” என்கிறார். மச்சாளோ, “அவையள் செய்யிறது தர்மம், அதில போய் கணக்குப் பாக்கிறதோ?” என்கிறார். கனேடிய அனுபவம் இல்லாமல் வேறு எவரும் எடுக்கமாட்டார்கள் என்று சமையலறையிலும் சொல்லியிருக்கிறார்கள். சகோதரியின் கேள்விகள் இவை: சம்பளம் கேட்பது நியாயமா? கேட்டால் மகளின் வகுப்பு போய்விடுமா? பி.ஆர். விண்ணப்பத்தில் பிரச்சினை வருமா? வீட்டிலிருந்தே ரோல்ஸ் செய்து விற்கலாமா? கடைசியாக, பிள்ளைகளின் படிப்புக்கென்று மாதம் 100 டொலர் கட்டும் ஒரு திட்டத்தில் சேரச் சொல்லி ஒரு உறவினர் நெருக்குகிறார், சேரலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் நாலு பக்கம் சம்பளத்தைப் பற்றி எழுதிவிட்டு, தீக்காயத்தை இரண்டு வரியில் முடித்திருக்கிறீர்கள். நான் அதிலிருந்துதான் தொடங்கப்போகிறேன். சம்பளத்துக்கு உங்களுக்கு நேரம் இருக்கிறது. காயத்துக்கு அவ்வளவு இல்லை.

முதலில் கை

ஒன்ராறியோவில் வேலையிடத்தில் காயப்பட்டவர் டபிள்யூ.எஸ்.ஐ.பி. என்ற வேலையிடக் காப்புறுதிச் சபைக்கு ஆறு மாதத்துக்குள் அறிவிக்க வேண்டும். உங்களுக்கு மார்ச்சில் நடந்தது, ஆகவே செப்டெம்பர் வரைதான். அந்தத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம், இந்தக் கிழமையே செய்யுங்கள். தொழிலாளி நிரப்ப வேண்டிய படிவத்துக்கு ‘படிவம் 6’ என்று பெயர். இணையத்திலும் நிரப்பலாம். ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை என்றாலும் மருத்துவச் செலவுக்காக அறிவிக்க முடியும். தோல் இழுப்பது பின்னால் பிசியோதெரபி வரை போகலாம். அந்தச் செலவை நீங்கள் ஏன் சுமக்க வேண்டும்?

‘கிளினிக்கில் பொய் சொல்லிவிட்டேனே, இப்போது மாற்றிச் சொன்னால் குற்றம் ஆகாதா’ என்று பயப்படுகிறீர்கள். அதே கிளினிக்குக்குத் திரும்பப் போங்கள். காயம் வேலையில் நடந்தது, அப்படிச் சொல்ல வேண்டாம் என்று வேலையிடத்தில் கேட்டுக்கொண்டார்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லி, உங்கள் பதிவில் எழுதச் சொல்லுங்கள். படிவத்திலும் அதையே எழுதுங்கள். காயத்தை அறிவிக்க வேண்டாம் என்று தொழிலாளியைத் தடுப்பதற்கு முதலாளிக்கு வேலையிடக் காப்புறுதிச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. புதிதாக வந்தவர்கள் இப்படிச் சொல்லும்படி தள்ளப்படுவது அந்தச் சபைக்குப் புதிய செய்தியும் அல்ல. காயத்தின் படங்கள் இருந்தால், அன்று ஒருங்கிணைப்பாளரோடு வாட்ஸ்அப்பில் பேசியது இருந்தால், எதையும் அழிக்காதீர்கள்.

உங்கள் சமையலறை அந்தக் காப்புறுதிக்குள் வருகிறதா, ‘பங்கேற்பாளர்’ என்ற பெயர் அதைத் தடுக்கிறதா என்பதை முடிவு செய்வது சபை. நிறுவனமல்ல. நிறுவனம் பிரீமியம் கட்டவில்லை என்றாலும் அது அவர்களுக்கும் சபைக்கும் உள்ள விவகாரம். யூனியன் இல்லாத தொழிலாளருக்கு இதில் இலவசமாக உதவ, ஒன்ராறியோ அரசின் ‘ஆபிஸ் ஒப் த வேக்கர் அட்வைசர்’ என்ற அலுவலகமே இருக்கிறது.

பங்கேற்பாளரா, தொழிலாளியா?

இப்போது மச்சாள் சொன்ன தர்மத்துக்கு வருவோம். உங்கள் கடிதம் முழுக்க ஒரு எண்ணம் ஓடுகிறது: இது வியாபாரம் அல்ல, சேவை, அதனால் சம்பளச் சட்டம் இங்கே பொருந்தாது என்று. படித்தவர்களே அப்படித்தான் நினைக்கிறார்கள். சில வேளை அந்த நிறுவனத்தின் இயக்குநர் சபையே நினைக்கிறது.

ஒன்ராறியோவில் சோஷல் என்டர்பிரைஸ் என்று தனியாக ஒரு சட்ட அந்தஸ்து கிடையாது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2013 முதலும் நோவா ஸ்கோஷியாவில் 2016 முதலும் அப்படியொரு கம்பனி வடிவம் உண்டு. இங்கே ஒரு சாதாரண கம்பனியும் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம், இலாப நோக்கற்ற சங்கமும் வைத்துக்கொள்ளலாம், பதிவுபெற்ற தர்ம ஸ்தாபனமும் வைத்துக்கொள்ளலாம். உங்களுடையது எந்த வகை என்று தெரிய, கனடா வருமானவரி முகவரகத்தின் தர்ம ஸ்தாபனப் பட்டியலில் பெயரைத் தேடுங்கள். இருந்தால், வருடாவருடம் அவர்கள் கொடுக்கும் வரவுசெலவு விவரமும் பொதுமக்கள் பார்க்கக்கூடியதாக அங்கேயே கிடக்கும். எவ்வளவு மானியம் வந்தது, சம்பளத்துக்கு எவ்வளவு போனது என்று பாருங்கள். அதற்கு எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

எந்த வகையாக இருந்தாலும் வேலைத்தர நியமச் சட்டம் ஒன்றுதான். 2000ஆம் ஆண்டுச் சட்டம் அது. சம்பளம் இல்லாமல் பயிற்சியாளரை வைத்திருக்க முன்பு அதில் ஒரு விதிவிலக்கு இருந்தது. 2018 தொடக்கத்திலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். ஒரு நிறுவனத்தின் தொழிலாளர் செய்யும் வேலையையே ஒருவருக்குப் பழக்கினால், பழகுகிறவரும் தொழிலாளிதான். மிஞ்சியிருக்கும் விதிவிலக்குகள் குறுகியவை. கல்லூரி, பல்கலைக்கழகம், உயர்பாடசாலை ஆகியவை அங்கீகரித்த வேலைப் பயிற்சி ஒன்று. ஒன்ராறியோ வேக்ஸ் உதவிப்பணத்தின் கீழ் செய்யும் சில சமூகப் பங்கேற்பு வேலைகள் இன்னொன்று. நீங்கள் இரண்டிலும் இல்லை.

அப்புறம் அந்தக் கையெழுத்து. அதை நினைத்து இரவில் நித்திரை வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நிம்மதியாகப் படுங்கள். இந்தச் சட்டம் தரும் குறைந்தபட்ச உரிமைகளைத் தொழிலாளி தானே விரும்பிக் கையெழுத்திட்டாலும் விட்டுக்கொடுக்க முடியாது. உங்கள் நேரத்தை அவர்கள் தீர்மானிக்கிறார்கள், மெனுவும் விலையும் அவர்களுடையவை, ஓடர் அவர்கள் பெயரில் வருகிறது, காசு அவர்கள் கணக்குக்குப் போகிறது. இவ்வளவும் இருக்கும்போது தாளில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்பது பெரிதில்லை.

உண்மையான தொண்டர் வேலை வேறு. கோயில் மடப்பள்ளியில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டுகிறவருக்கு எவரும் சம்பளம் கொடுப்பதில்லை, அவரும் கேட்பதில்லை. ஆனால் அந்தச் சோற்றை எவரும் பெட்டியில் போட்டு அலுவலகத்துக்கு விற்பதும் இல்லை.

இப்படிப்பட்ட சமையலறைகளை நேர்மையாக நடத்த வழியே இல்லை என்றும் நினைக்காதீர்கள். சான் பிரான்சிஸ்கோவில் 2005 முதல் லா கொசினா என்று ஒன்று இருக்கிறது. வருமானம் குறைந்த, பெரும்பாலும் குடியேறி வந்த பெண்களுக்குச் சட்டப்படியான சமையலறையைக் கட்டுப்படியான வாடகைக்குக் கொடுத்து, அவரவர் சொந்த வியாபாரத்தைத் தொடங்க உதவுகிறார்கள். அங்கே சமைக்கிற பெண்தான் முதலாளி. எங்கள் ரொறன்ரோவிலேயே 2016இல் சிரியாவிலிருந்து வந்த பெண்கள் சேர்ந்து சமைத்த நியூகமர் கிச்சன் இருந்தது. ஒரு சிறிய உணவகத்தின் சமையலறையில் கிழமைக்கொருமுறை சமைத்து விற்று, வந்ததைச் சமைத்தவர்களுக்குப் பகிர்ந்தார்கள். ஆக, வியாபாரம் உங்களுடையதாக இருக்கலாம், அல்லது வருமானத்தில் பங்கு வரலாம், அல்லது சம்பளம் வரலாம். உங்களுக்கு இந்த மூன்றில் எதுவும் கிடைக்கவில்லை.

கணக்கு

2025 ஒக்ரோபர் 1 முதல் ஒன்ராறியோவின் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 17.60 டொலர். நீங்கள் சேர்ந்தது அதற்குப் பிறகு. 35 மணித்தியாலத்துக்கு 616 டொலர் வரவேண்டும், வந்தது 300. ஒவ்வொரு கிழமையும் 316 டொலர் குறைகிறது. ஜனவரியிலிருந்து நீங்கள் சொன்ன 22 கிழமைக்கு அது 6,952 டொலர். முதல் ஆறு வாரத்தின் 120 மணித்தியாலத்தையும் சேர்த்தால் இன்னும் 2,112. அதற்குமேல் மொத்தச் சம்பளத்தில் நூற்றுக்கு 4 வீதம் விடுமுறைச் சம்பளம், ஏறக்குறைய 627 டொலர். எல்லாம் சேர்த்து 9,700 டொலருக்குக் கொஞ்சம் குறைவு. பமிலி டே, பெரிய வெள்ளி, விக்டோரியா டே போன்ற பொது விடுமுறைகளுக்கான சம்பளத்தை நான் இதில் சேர்க்கவில்லை.

இதில் ஒரு பகுதி உறுதி குறைந்தது. முதல் கிழமை நீங்கள் வகுப்பில் இருந்து உணவுப் பாதுகாப்புச் சான்றிதழுக்குப் படித்தீர்கள் என்கிறீர்கள். அதை ‘இலவசக் கல்வி’ என்று அவர்கள் வாதாடலாம், வாதாடுவார்கள். இரண்டாம் கிழமையிலிருந்து நீங்கள் செய்தது விற்பனைக்குப் போனது என்பதைக் காட்ட முடிந்தால், அதற்குப் பிறகான நேரத்துக்கு அந்த வாதம் எடுபடுவது கடினம். அந்த நாட்களின் ஓடர் பட்டியல், சமையலறைக் குழுவில் வந்த செய்திகள், ரோல்ஸ் தட்டுகளோடு எடுத்த படங்கள் எதுவும் உதவும். வேலை நேரப் பதிவை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. அவர்களிடம் பதிவே இல்லை என்றால் நீங்கள் கொப்பியில் குறித்து வைத்ததற்குப் பெறுமதி கூடும். இன்றே ஒரு கொப்பி தொடங்குங்கள்.

பே ஸ்டப் இல்லாததால் இன்னொரு நட்டமும் இருக்கிறது. வேலையிழப்புக் காப்புறுதிக்கு, அதாவது ஈ.ஐ.க்கு, வட்டாரத்தைப் பொறுத்து 420 முதல் 700 மணித்தியாலம் வேலை செய்திருக்க வேண்டும். ஜனவரியிலிருந்து நீங்கள் 770 மணித்தியாலம் செய்துவிட்டீர்கள். ஆனால் அரசின் கணக்கில் அது பூச்சியம். நீங்கள் தொழிலாளிதானா, அந்த மணித்தியாலங்கள் காப்புறுதிக்கு உரியவையா என்று தீர்ப்புத் தரும்படி வருமானவரி முகவரகத்தை நீங்களே கேட்கலாம், கட்டணம் இல்லை. கணவருக்கும் இதைச் சொல்லுங்கள். தகுந்த காரணம் இல்லாமல் தானாக வேலையை விட்டவருக்கு ஈ.ஐ. கிடைப்பதில்லை. அதனால் கோபத்தில் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு வரவேண்டாம்.

கேட்டால் என்ன நடக்கும்?

பி.ஆர். பற்றிய பயம் முதலில். சம்பள முறைப்பாடு செய்வது நிரந்தர வதிவிடத்தை மறுக்கக் காரணமாகாது. அகதி அந்தஸ்து ஏற்கப்பட்டவருக்கு அதை மறுக்கக்கூடிய காரணங்கள் தேசப் பாதுகாப்பு, மனித உரிமை மீறல், பாரிய குற்றம், திட்டமிட்ட குற்றக் கும்பல், சில உடல்நல நிலைகள் என்ற வட்டத்துக்குள் இருக்கின்றன. நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு இரண்டு. உங்கள் வேலை அனுமதியும் 9இல் தொடங்கும் சின் என்ற சமூகக் காப்புறுதி இலக்கமும் காலாவதியாகாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த 300 டொலர் காசோலைகளை வருமானவரியில் காட்டுங்கள். ‘உதவித்தொகைதானே’ என்று விட்டுவிடாதீர்கள். நீங்களும் கணவரும் வரி தாக்கல் செய்தால்தான் பிள்ளைகளுக்கான மாதப் பணம் ஒழுங்காக வரும்.

மகளின் வகுப்பில் நான் உங்களுக்கு முழு உறுதி தர முடியாது. உரிமையைக் கேட்டதற்காகத் தொழிலாளியை நீக்குவதோ மிரட்டுவதோ தண்டிப்பதோ சட்டத்துக்கு எதிரானது. பிள்ளையை வகுப்பிலிருந்து எடுப்பதும் தண்டனைதான் என்று நான் வாதாடுவேன். ஆனால் அந்த வாதம் வெல்வதற்குள் பிள்ளைக்கு ஒரு தவணை போய்விடும். ஆகவே இரண்டு காரியம் செய்யுங்கள். அந்த வகுப்புக்கு நிதி எங்கிருந்து வருகிறது, வட்டாரப் பிள்ளைகள் எல்லோருக்கும் திறந்ததா என்று விசாரியுங்கள். எல்லோருக்கும் உரியது என்றால் உங்கள் வேலையோடு அதைக் கட்டி வைக்க அவர்களுக்கு எளிதாக இராது. அதோடு, மாற்றிடம் ஒன்றையும் பார்த்து வையுங்கள். ரொறன்ரோ பொது நூலகத்தின் பல கிளைகளில், வாசிக்கச் சிரமப்படும் சிறு பிள்ளைகளுக்குத் தொண்டர் ஒருவர் பக்கத்தில் இருந்து வாசிக்கப் பழக்கும் ‘லீடிங் டு ரீடிங்’ உண்டு. பதின்வயதினருக்கு ‘யூத் ஹப்’ என்று பாடசாலை முடிந்த பிறகு போய் இருக்க, படிக்க இடம் இருக்கிறது. மகனை அங்கே அனுப்பலாம். ரீஜன்ட் பார்க்கில் 2001இல் தொடங்கிய பாத்வேஸ் டு எடியூகேஷன், வசதி குறைந்த வட்டாரங்களின் உயர்பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பாட உதவியும் பண உதவியும் தருகிறது. அது முகவரியைப் பொறுத்தது. உங்கள் தெரு அதற்குள் வருமா என்று மகனின் பாடசாலையில் கேளுங்கள். புதிதாக வந்த குடும்பங்களுக்கென்று பாடசாலைகளுக்கு வரும் குடியமர்வு உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார், அவரைப் பிடியுங்கள்.

எப்படிக் கேட்பது

உங்கள் ஒருங்கிணைப்பாளர் வில்லி அல்ல என்றுதான் எனக்குப் படுகிறது. காரில் கூட்டிப்போனவரும் அவர், பொய் சொல்லச் சொன்னவரும் அவர். நிதி நின்றுவிடும் என்ற பயத்தில் நடுவில் மாட்டியிருப்பவராக இருக்கலாம். சம்பளத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவரிடம் இல்லாமலும் இருக்கலாம். அதனால் கடிதத்தை நிர்வாகப் பணிப்பாளருக்கும் இயக்குநர் சபைத் தலைவருக்கும் எழுதுங்கள். மின்னஞ்சலில் போதும், ஒரு பிரதி உங்கள் சொந்த முகவரிக்கு.

கடிதம் சிறியதாக இருக்கட்டும். ‘நவம்பரிலிருந்து உங்கள் சமையலறையில் வேலை செய்கிறேன். ஜனவரி முதல் கிழமைக்கு 35 மணித்தியாலம் வேலை, 300 டொலர் கிடைக்கிறது. வேலைத்தர நியமச் சட்டப்படி எனக்குக் குறைந்தபட்சச் சம்பளம், பே ஸ்டப், விடுமுறைச் சம்பளம் உரியவை என்று அறிகிறேன். அடுத்த காசோலையிலிருந்து அதைச் சரிசெய்து, இதுவரை குறைந்த தொகையை எப்போது தருவீர்கள் என்று எழுத்தில் சொல்லவும்.’ இவ்வளவுதான். நன்றியும் வேண்டுமானால் ஒரு வரி எழுதுங்கள், உண்மையிலேயே நன்றி இருந்தால். குற்றச்சாட்டும் கண்ணீரும் வேண்டாம்.

சமையலறையில் உங்களைப் போல இன்னும் ஐந்து பெண்கள் என்கிறீர்கள். அவர்களில் இரண்டு பேராவது சேர்ந்து கையெழுத்திட்டால் நல்லது. சேராவிட்டால் கோபிக்காதீர்கள். சிலருக்கு அகதி வழக்கே முடிந்திருக்காது.

‘எங்களிடம் காசில்லை, கொடுத்தால் மூட வேண்டியதுதான்’ என்று பதில் வரலாம். அது பொய்யாகவும் இருக்காது. பழகுகிறவர்களை வைத்துச் சமைத்தால் நேரம் கூடும், பொருள் வீணாகும், சாப்பாடு விற்ற காசில் பயிற்சிச் செலவு தேறாது. ஒழுங்காக நடத்துகிறவர்கள் அந்த இடைவெளியை மானியத்தாலும் நன்கொடையாலும் நிரப்புகிறார்கள். இங்கே அதைக் கிழமைக்கு 316 டொலர் வீதம் நீங்கள் நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த நிறுவனத்தின் பெரிய நன்கொடையாளர்களில் நீங்களும் ஒருவர், ரசீதுதான் தரவில்லை. நிதியைத் தேடுவது இயக்குநர் சபையின் வேலை. தவணை முறையில் தருகிறோம் என்றால் அதைப் பரிசீலிக்கலாம். ஆனால் ‘இனி எதுவும் கேட்கமாட்டேன்’ என்ற எந்தத் தாளிலும் சட்ட உதவியாளர் ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பதில் வராவிட்டால், அல்லது வேலை நேரத்தைக் குறைத்தால், தொழில் அமைச்சில் முறைப்பாடு செய்யலாம். இணையத்தில் செய்யலாம், கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. சம்பளம் உரியதாகி இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும். உங்கள் பெயர் நிறுவனத்துக்குத் தெரியவரும், அதை மறைத்துச் சொல்வது சரியல்ல. அதே சம்பளத்துக்காக அமைச்சிலும் நீதிமன்றத்திலும் ஒரே நேரத்தில் போக முடியாது. இந்தத் தொகைக்கு அமைச்சின் வழியே போதும் என்பது என் அபிப்பிராயம்.

வேறு வேலையும் மற்றவையும்

கனேடிய அனுபவம் பற்றி உங்களுக்குச் சொன்னது பழைய கதை. அதைக் கட்டாயமாகக் கேட்பது பாகுபாடாகலாம் என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2013இலேயே கொள்கை வெளியிட்டது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பகிரங்க வேலை விளம்பரத்தில் கனேடிய அனுபவம் வேண்டும் என்று போடவே கூடாது. நடைமுறையில் நேர்முகத்தில் மறைமுகமாகக் கேட்கிறவர்கள் இன்னும் இருப்பார்கள்தான். ஆனால் உங்களிடம் இப்போது ஏழு மாதச் சமையலறை அனுபவமும், ஐந்து வருடம் செல்லுபடியாகும் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழும் இருக்கின்றன. முதியோர் இல்லங்கள், மருத்துவமனைகள், பாடசாலைகளின் சமையலறைகளில் விண்ணப்பியுங்கள். கணவரின் ஏஜென்சி உரிமம் பெற்றதா என்றும் பாருங்கள். 2024 ஜூலையிலிருந்து ஒன்ராறியோவில் அது கட்டாயம், அமைச்சின் இணையத்தில் தேடிப் பார்க்கலாம்.

வீட்டுச் சமையல் வியாபாரத்துக்கு 2020இலிருந்து விதிகள் கொஞ்சம் தளர்ந்தன. ஆனால் தளர்வு ஆபத்துக் குறைந்த உணவுகளுக்குத்தான்: கேக், பிஸ்கற், ஊறுகாய், ஜாம் போன்றவை. மீன் ரோல்ஸும் கொத்தும் அதற்குள் வராது. அவற்றுக்குப் பரிசோதிக்கப்பட்ட சமையலறை வேண்டும். தொடங்குவதற்கு முன் ரொறன்ரோ பொதுச் சுகாதாரப் பிரிவில் பேசுங்கள்.

உறவினரின் சேமிப்புத் திட்டத்தில் இப்போது கையெழுத்திட வேண்டாம். நீங்கள் விவரித்ததைப் பார்த்தால் அது ‘குறூப் ஆர்.ஈ.எஸ்.பி.’ என்ற, பல குடும்பங்களின் பணத்தைச் சேர்த்து நடத்தும் கல்விச் சேமிப்புத் திட்டம் போலத் தெரிகிறது. தொடக்கத்தில் கட்டும் பணத்தில் பெரும்பகுதி சேர்வுக் கட்டணத்துக்குப் போகும், இடையில் கட்ட முடியாமல் போனால் நட்டம். ஏற்கனவே கையெழுத்திட்டிருந்தால் 60 நாளுக்குள் ரத்துச் செய்து முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம். வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு கனடா லேணிங் பொண்ட் என்று அரசே பணம் போடுகிறது. தகுதியான முதல் வருடம் 500 டொலர், பிறகு 15 வயதுவரை தகுதியான ஒவ்வொரு வருடமும் 100, கூடியது 2,000. நீங்கள் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. பிள்ளைகளின் சின் இலக்கத்தோடு வங்கியில் கேளுங்கள். ஒரு வங்கி தயங்கினால் அடுத்ததில் கேளுங்கள். மகன் கல்லூரிக்குப் போகும்போது, பி.ஆர். அதற்குள் வராவிட்டாலும் அகதி அந்தஸ்து ஏற்கப்பட்டவர் என்ற முறையில் ஓசாப் என்ற ஒன்ராறியோ மாணவர் உதவித் திட்டத்தின் கடனுக்கும் உதவிக்கும் விண்ணப்பிக்க வழி உண்டு. வெளிநாட்டு மாணவர் கட்டணமும் அவருக்கு இல்லை. அதைக் காரணம் காட்டி எவரும் உங்களை இப்போது அவசரப்படுத்த முடியாது.

நான் எழுதியது உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து. அந்தக் கையெழுத்துத் தாளையும் காசோலைகளையும் பார்க்கும் ஒருவர் இன்னும் திருத்தமாகச் சொல்வார். தெற்காசியச் சட்ட உதவி நிலையமான சால்கோவையோ உங்கள் பகுதியின் சமூகச் சட்ட நிலையத்தையோ அழையுங்கள். வேக்கர்ஸ் அக்ஷன் சென்ரரும் இப்படிப்பட்ட சம்பள விவகாரங்களைத்தான் பார்க்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், சமூக சேவைகள் பற்றித் தகவல் தரும் 211 இலக்கத்தை அழைத்து, தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். போகும்போது காசோலைப் பிரதிகள், கையெழுத்துத் தாள், நேரம் எழுதிய கொப்பி, காயத்தின் படங்கள், கிளினிக் போன தேதி, வேலை அனுமதி எல்லாவற்றையும் ஒரு பையில் கொண்டுபோங்கள். சம்பளக் கடிதத்தை அவர்கள் பார்த்த பிறகு அனுப்பலாம். டபிள்யூ.எஸ்.ஐ.பி. படிவம் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.